வேப்பிலையும் தடியும்

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கினால், அன்று சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அயலார் கால் அந்தப் படி ஏறாது! காவலர் நின்றாரா? கட்டளை பிறந்ததா? இல்லை, தோழர்களே! மாரியம்மனுக்கு அஞ்சி ஊரே அடங்கிற்று. அச்சம் ஆளை விலக்கி வைத்தது. நோயை ஒழித்ததோ அறிவு தந்த ஊசி! 1975க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை.

2020இல் வந்தது கொரோனா. ஊரடங்கு போட்டார்கள், முகக்கவசம் இல்லையேல் 200 ரூபாய் அபராதம் என்றார்கள். 2021 ஜூனில், சேலம் மாவட்டச் சோதனைச்சாவடி ஒன்றில் காவலர் அடித்த வணிகர் மாண்டார்; சிறப்பு உதவி ஆய்வாளர் கைதானார். உயிரைக் காக்க வந்த தடி, உயிரையே குடித்தது!

தடிக்கு அஞ்சுபவன், தடி மறைந்ததும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்குவான். காரணம் அறிந்தவனோ காவலர் இல்லாத இடத்திலும் கழற்றான். அடுத்த நோய் வருமுன் ஊர்தோறும் காரணத்தைச் சொல்லுங்கள். தடியைக் கீழே போடுங்கள்!