வேங்கடத்து அருவிகளும் பொன்முகலியாறும்

சென்னைக்கும் மும்பைக்கும் இடையே புகைவண்டியில் போய்வரும் நம்மவர் ரேணிகுண்டா நிலையத்தை நன்கறிவர். மும்பை நோக்கிச் செல்லும் வண்டி அவ்வூரை விட்டு நகர்ந்ததும் இடப்புறத்தில் ஒரு மலைச்சுவர் உடன் வரத் தொடங்குகிறது. அடியில் சரிவு, நடுவில் காடு, உச்சியிலோ உளி கொண்டு வெட்டிவிட்டாற் போன்ற செங்குத்துப் பாறை. சாளரத்தின் வழியே ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டு நாம் உணவுப் பொட்டலத்தை அவிழ்க்க உட்கார்ந்துவிடுகிறோம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்தின் வடவெல்லையாகக் குறித்த வேங்கடம் அதுவே. கோயிலை நோக்கி ஏறும் மலையாக மட்டுமே அதை நம்மிற் பலர் அறிவர். அருவிகளின் மலையாகவும், ஓர் ஆற்றுக்கு நீர் ஊட்டும் மலையாகவும் அதைக் காண விரும்புவோர் ஒரு முறை வண்டியை விட்டு இறங்கிச் சாலை வழியே செல்ல வேண்டும்.

அப்பயணத்தை ஏர்பேட்டிலிருந்து தொடங்குவது நன்று. ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடையே சாலையும் இருப்புப்பாதையும் அடுத்தடுத்துச் செல்லும் ஊர் இது. 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இதனருகே நிலைபெற்றபின் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர்கள் மக்களைக் கொண்டுவந்து விடுகின்றனர். வந்தவர்கள் பெரும்பாலும் திருமலைக்குச் சென்று வணங்கி ஊர் திரும்புகின்றனர். நாம் கூறும் வழி அவ்வளவில் முடிவதன்று.

இத்தகைய செங்குத்துச் சுவர்களைக் கண்டால் நார்வே நாட்டின் படங்கள் நம் நினைவுக்கு வரும். அங்கே இரு மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நீண்டு கிடக்கும் கழிகளை ஃபியோர்டு என்பர். அவற்றுள் பெரியதான சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டினுள்ளே சென்றிருக்கிறது. அப்பள்ளங்களை அறுத்தது பனியாறு. பனி உருகி விலகியபின் கடல் உட்புகுந்தது. வேங்கடத்திலோ பனியுமில்லை, கடலுமில்லை. இங்கே வாளாக நின்றது மழைநீர். அறுபட்டது மிகப் பழைய மணல்.

மணல் என்று நாம் சொல்வது வியப்பாக இருக்கலாம். மலையின் மேற்பகுதியாக அமைந்த குவார்ட்சைட் என்னும் கெட்டிப் பாறை, ஏறத்தாழ 160 கோடி ஆண்டுகளுக்கு முன் நீரடியில் படிந்த மணல் இறுகிக் கல்லானதே. அதற்கடியில் கிடக்கும் கருங்கல் அதனினும் 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. இடைப்பட்ட காலத்துப் பாறை எதுவும் இங்கில்லை. ஏடு கிழிந்த நூல் போல அவ்வளவு நீண்ட காலம் சுவடின்றி மறைந்துபோயிற்று. திருப்பதியிலிருந்து திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையில் இவ்விரு பாறைகளும் சந்திக்கும் கோட்டைக் கண்ணாலேயே காணலாம். நாட்டின் புவியியல் நினைவுச் சின்னங்களுள் ஒன்றாக அவ்விடம் காக்கப்படுகிறது. விசுவேசுவரய்யா வகுத்த திட்டப்படி அமைந்த முதல் மலைப்பாதை 1944இலும், இரண்டாவது பாதை 1974இலும் திறக்கப்பெற்றன. இன்று ஏறுவதற்கு இரண்டாவது பாதையும், 36 கொண்டைஊசி வளைவுகள் கொண்ட முதற்பாதை இறங்குவதற்கும் பயன்படுகின்றன. அவ்வளவு வளைவிலும் கண்ணை மூடிக்கொள்ளாமல் இருப்பவர்க்கே பாறையின் கோடு தென்படும்!

குவார்ட்சைட்டினுள் நீர் ஊறிப் பரவுவது அரிது. நெடுக்காகக் கீறினாற் போலுள்ள வெடிப்புகளின் வழியே மட்டுமே அது கீழிறங்கும். அவ்வெடிப்புகள் விரியுங்கால் பாறை பாளம் பாளமாக விழுவதால் முகம் சாய்வாகத் தேயாமல் செங்குத்தாகவே நிற்கிறது. மேலே பெய்த மழை விளிம்புக்கு வந்ததும் விழுவதன்றி வேறு வழியில்லை. மலையடியில் திருப்பதி நகரை ஒட்டியுள்ள கபில தீர்த்தத்தில் இதனை நன்கு காணலாம். கோடையில் வறண்ட பாறையைக் கண்டு ஏமாந்து திரும்புவோர், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கியபின் வந்தால் அதே பாறையில் வெள்ளருவி பாய்வதைக் காண்பர். ஆனால் கடும் மழை நாள்களில் அருகே செல்லுதல் கூடாது. 2021 நவம்பர்ப் பெருமழையில் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் ஸ்ரீவாரி மெட்டு நடைபாதையைச் சிதைத்துவிட, அதனைச் சீரமைத்து மீண்டும் திறக்க அடுத்த ஆண்டு மே மாதம் ஆயிற்று.

திருப்பதியிலிருந்து மேற்கே சந்திரகிரி வழியாகச் சென்று, பாகராப்பேட்டை மலைப்பாதையைக் கடந்தால், நேரபைலு ஊரையடுத்த காட்டினுள் தலக்கோனை இருக்கிறது. தெலுங்கில் ‘தல’ நம் தலையே. ‘கோன’ என்பது மலையிடுக்குப் பள்ளத்தாக்கு. ஏறத்தாழ 270 அடி உயரத்திலிருந்து விழும் இவ்வருவியே ஆந்திர மாநிலத்தில் மிக உயர்ந்தது. குற்றாலத்தில் குளித்துப் பழகியவர்க்கு நீரின் அளவு சிறிதாகவே தோன்றலாம். எனினும் இங்கே நம் கருத்தைக் கவர்வது அருவியன்று, அதனைச் சூழ்ந்த காடே. உதிர்ந்த சருகும் வேரும் மழையைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுவதால்தான், மழை ஓய்ந்த பின்னரும் நெடுநாள் அருவி ஒழுகுகிறது. மொட்டைப் பாறையாயின் மழை பெய்த அன்றே எல்லாம் ஓடிவிடும். சிவப்புச் சந்தனமாகிய செம்மரம் இயற்கையாக வளரும் காடுகள் உலகிலேயே இம்மலைகளிலும் இவற்றை ஒட்டிய தொடர்களிலுமே மிகுதி.

அருவியைக் கண்டதும் திரும்பிவிடுதல் பயணிகளின் இயல்பு. நீரோ அங்கிருந்துதான் தன் பயணத்தைத் தொடங்குகிறது. வேங்கடத்தின் தெற்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் சுவர்ணமுகி ஆற்றைச் சேர்கின்றன. சந்திரகிரிப் பக்கத்து மலைகளிலிருந்து திருப்பதிக்கருகிலும், பின்னர் ஏர்பேட்டு வட்டாரத்திலும், காளத்திக் கோயிலின் அருகிலும் ஓடி வங்கக் கடலில் கலக்கும் இவ்வாறே, கண்ணப்ப நாயனார் வரலாற்றில் சேக்கிழார் கூறும் பொன்முகலி. வேடர் திண்ணனார் காளத்திநாதரை நீராட்ட வாயில் முகந்து சென்றது இதன் நீரையே.

ஏர்பேட்டு மண்டலத்திலேயே, இவ்வாற்றை ஒட்டிய பகுதியில் குடிமல்லம் இருக்கிறது. அங்குள்ள சிவலிங்கம் கிறிஸ்துவுக்கு முற்பட்டதென்று அறிஞர் பலர் கருதுவர். அதன் முகப்பில் ஒரு குள்ளனின் தோள்மேல் நிற்கும் வேடுவக் கோலத்தில் இறைவன் செதுக்கப்பட்டிருக்கிறார். பல்லவர், வாணர், சோழர் காலத்துக் கல்வெட்டுகள் அக்கோயிலில் உள்ளன. கருவறை தாழ்ந்து கிடப்பதால் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தடி நீர் உள்ளே ஏறும் என்று ஊரார் கூறுவர். அறுபது என்ற கணக்கு எவ்வாறாயினும், ஆற்றின் நீர் மண்ணுக்கடியில் நடமாடுவதை அவ்வூர் மக்கள் அறிந்திருந்தனர் என்பது தெளிவு.

ஆண்டின் பெரும்பகுதி இவ்வாறு வெறும் மணலாகவே கிடக்கும். வைகையிலும் பாலாற்றிலும் ஊற்றுத் தோண்டி நீர் முகந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மணலின் இடைவெளிகளில் வெள்ளநீர் தங்கி, வெயிலுக்கு மறைந்து, கரையோரக் கிணறுகளுக்குக் கசிகிறது. மணலை அள்ளிவிட்டால் ஆற்றின் படுகை தாழ்கிறது. படுகை தாழ்ந்தால் கரையிலுள்ள நீர் கிணற்றை விட்டு ஆற்றுக்குத் திரும்பி வடிகிறது. நெல்லும் கரும்பும் பயிரிடும் உழவன் தன் கிணற்றை ஆண்டுதோறும் ஆழப்படுத்திக்கொண்டே போகிறான்.

இக்கேட்டை எதிர்த்தே முனகலபாளையம் என்னும் ஊரின் உழவர்கள், 2017 ஏப்ரல் 21ஆம் நாள், ஆற்றில் முறையற்று மணல் அள்ளுவதைத் தடுக்குமாறு முறையிட ஏர்பேட்டுக் காவல் நிலையத்துக்கு வந்தனர். சாலையோரம் அவர்கள் கூடியிருந்த வேளையில், கட்டுப்பாடு இழந்த ஒரு லாரி மின்கம்பத்தில் மோதிக் கூட்டத்தினுள் புகுந்தது. முறையிட வந்தோரில் பலர் அங்கேயே மாண்டனர். பயணத்தைத் தொடங்க நாம் குறித்த சாலையும் அதுவே.