பாதை அடைபட்டால் பயணம் முடிவதில்லை



அதிகாலையில் குடுபல்லி இரயில் நிலையத்தில் சற்று நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையுடன் பெங்களூருக்குப் புறப்படுகிறவர்கள் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஓர் இலக்கு உண்டு. ஒருவருக்குச் சொந்த வீடு. மற்றொருவருக்கு மகளின் நர்சிங் படிப்பு. ஒருவேளை நீங்களும் அப்படி ஊரை விட்டு வந்தவராயிருக்கலாம். ஆனால் திடீரென்று வேலை போகிறது; சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிகிறது; கடன் வளர்கிறது. "இனி என்னால் என்ன ஆகும்?" என்ற கேள்வி எழும்புகிறது.

அதே தண்டவாளம் எதிர்த் திசையில் குப்பம், ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடிக்குச் செல்கிறது. அதை அடுத்திருப்பது வேலூர். அங்கே இதே கேள்வியோடு படுத்திருந்த ஒரு பெண்மணியை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

கேரளத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். மகளிர் மருத்துவத்தில் சிறப்புப் பெற வேண்டும் என்பது அவருடைய விருப்பம். 1954 ஜனவரியில் உடன் பணியாற்றியவர்களோடு சென்ற வாகனம் விபத்துக்குள்ளானது. முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போயிற்று. முகத்திலும் ஆழ்ந்த காயம். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

அவர் உடனே எழுந்து புன்னகைத்தார் என்று எண்ணிவிடாதீர்கள். வேதனையும் சோர்வும் நிறைந்த மாதங்கள் பல கடந்தன. அவ்வேளையில் டாக்டர் பால் பிராண்ட் அவருக்கு ஒரு புதிய வழியைக் காட்டினார். தொழுநோயால் நரம்புகள் செயலிழந்து, விரல்கள் மடங்கிப்போனவர்களுக்குக் கையில் அறுவைச் சிகிச்சை செய்வதில் வல்லவர் அவர். அந்தச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரியின் கால்கள் செயலிழந்திருந்தன; கைகள் இயங்கின. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை அரங்கிற்குத் திரும்பினார். மடங்கிய விரல்களை நிமிரச் செய்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் தமது பழைய திட்டத்தைக் கைவிட்டார். நோயுற்றோருக்கு உதவும் நோக்கத்தைக் கைவிடவில்லை. விடாமுயற்சி என்பது மூடிய கதவையே முட்டிக்கொண்டிருப்பதன்று. நோக்கத்தை இறுகப் பற்றிக்கொண்டு, வழியை மாற்றிக்கொள்ளும் தாழ்மையும் அதில் அடங்கும்.

அவர் அத்தோடு நின்றுவிடவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், சக்கர நாற்காலியோடு பிறர் துணையின்றி வாழப் பழகினார். பின்பு நியூயார்க்கில், டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். 1963இல் வேலூருக்குத் திரும்பி அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966இல், முதுகுத்தண்டு முறிந்தவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அங்கே உருவாயிற்று. 1972இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பணி இன்றும் தொடர்கிறது.

படுக்கையில் கிடந்த ஒருவரிடம் அவர் பேசியபோது, மேலே நின்று பேசவில்லை. அவர் கண்மட்டத்தில் அமர்ந்தே பேசினார். தம் துன்பத்திலிருந்து பிறர் துன்பத்தைப் படித்துக்கொண்டதே அவருடைய தலைமையின் இரகசியம்.

நீங்களும் ஒரு தலைவர்தாம். குடும்பத்தை நடத்துகிறீர்கள், பத்து ஆட்களுக்கு மேஸ்திரியாயிருக்கிறீர்கள், தையல் ஆலையில் ஒரு வரிசையை மேற்பார்வையிடுகிறீர்கள். உங்கள் கீழுள்ள ஒருவர் தவறும்போது, நீங்கள் தவறிய நாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் சொல்லவிருக்கும் சொல்லை நிறுத்தி, "உனக்கு என்ன கஷ்டம்?" என்று முதலில் கேளுங்கள். டாக்டர் பிராண்ட் மேரிக்குச் செய்ததுபோல, அவரிடத்தில் மீதியிருக்கும் திறமையை அவருக்கே எடுத்துக் காட்டுங்கள்.

இன்று இரவு ஒரு காகிதத்தை எடுங்கள். இழந்தவற்றை மனம் ஏற்கனவே பலமுறை எண்ணிவிட்டது. உங்களிடம் எஞ்சியிருப்பதை மட்டும் எழுதுங்கள்: கற்ற தொழில், நம்பும் துணைவி, உதவத் தயங்காத ஒரு நண்பர். அதில் முதலாவதைக் கொண்டு நாளைக்குச் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை இரயில் வரும்போது, அந்தக் காகிதம் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.