டாக்டரையே நிறுத்திக் கேள்வி கேட்கும் சீட்டு!

ஆபரேஷன் மேஜையில் நோயாளி படுத்து இருக்கிறார். பெரிய டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். கத்தியை வாங்கக் கை நீட்டுகிறார்.

"சற்றுப் பொறுங்கள், டாக்டர்!" என்கிறார், நர்சு.

அவர் கையில் ஒரு சீட்டு இருக்கிறது. அதில் உள்ள கேள்விகளுக்குப் பதில் வரும்வரை கத்தி இறங்கக்கூடாது!

முன்பெல்லாம் பெரிய டாக்டரைத் தடுக்க நர்சுக்குத் துணிவு வருமா? "டாக்டருக்குத் தெரியாதா?" என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். அப்படி வாய் மூடி இருந்ததால் போன உயிர்களும் உண்டு.

ஆகாயத்தில் பிறந்தது

இப்படிச் சீட்டு வைத்துச் சரிபார்க்கும் வழக்கம் ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை.

1935-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி. அமெரிக்காவில் டேட்டன் நகரில், போயிங் கம்பெனியின் புதிய ராணுவ விமானம் சோதனைக்காகக் கிளம்பியது. மேலே எழும்பியதும் சாய்ந்து விழுந்து தீப்பிடித்தது. 2 பேர் மாண்டனர்.

விமானத்தில் பழுது எதுவும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க வால் பகுதியில் ஒரு பூட்டுப் போடுவார்கள். அதை எடுத்துவிட மறந்துவிட்டார்கள்! ஓட்டியவரோ கைதேர்ந்த விமானி.

அதன் பிறகுதான் விமானிகள், செய்யவேண்டியதைச் சீட்டில் எழுதி ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கினார்கள்.

பெயர் என்ன?

2008-ம் ஆண்டு ஜூன் மாதம், உலக சுகாதார ஸ்தாபனம் ஆபரேஷன் அறைக்கும் ஒரு சீட்டு கொடுத்தது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர், அதுல் கவாண்டே. பாஸ்டன் நகர டாக்டர். இவருடைய பெற்றோர் இந்தியாவில் இருந்து போய்க் குடியேறியவர்கள்.

சீட்டில் மொத்தம் 19 விஷயங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே கொண்டுபோகும் முன் என்று 3 தடவை நிறுத்திப் பார்க்கவேண்டும்.

இவர்தானா அந்த நோயாளி? வலது பக்கமா, இடது பக்கமா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? ரத்தம் தயாரா? கடைசியில், பஞ்சுத் துணியும் ஊசியும் கணக்குச் சரியா? (வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டால் என்ன ஆவது!)

இன்னொன்றும் உண்டு. கத்தி வைக்கும் முன், அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்லவேண்டும். இது எதற்கு என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால், ஒரு தடவை வாய் திறந்தவர், தவறு கண்ணில் பட்டால் மறுபடியும் வாய் திறப்பார். சீட்டின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது.

பிழைத்தார்!

டெல்லி, லண்டன், மணிலா உள்பட 8 நகரங்களில் சோதனை நடந்தது. 2009 ஜனவரியில் முடிவு வெளிவந்தது. அதற்கு முன் ஆபரேஷன் செய்துகொண்ட 1,000 பேரில் 15 பேர் இறந்தார்கள். சீட்டு வந்தபின் அது 8 ஆகக் குறைந்தது!

கவாண்டேயின் நோயாளி ஒருவரும் இதனால்தான் தப்பினார். சீட்டைப் பார்த்தபோது, ரத்தம் எடுத்து வைக்கவில்லை என்று தெரிந்தது. உடனே 4 யூனிட் தயார் செய்தார்கள். ஆபரேஷனில் பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. கைவசம் ரத்தம் இருந்ததால் உயிர் பிழைத்தார். இதை டாக்டரே எழுதி இருக்கிறார்.

ஆனால், கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளின் கணக்கைப் பார்த்தபோது, குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. 2014-ல் இந்த முடிவு வந்தது. பேச்சு இல்லாமல் வெறும் டிக் அடித்தால் பலன் எப்படி வரும் என்று டாக்டர்கள் வாதாடினார்கள்.

8 நகரச் சோதனையிலும் முணுமுணுப்பு இருந்தது. 100-க்கு 20 பேர் அளவில், "இது தொந்தரவு, நேரம் பிடிக்கிறது" என்றார்கள்.

"சரி, உங்களுக்கே ஆபரேஷன் என்றால் சீட்டு வேண்டுமா?" என்று எல்லோரிடமும் கேட்டார்கள்.

"வேண்டும்!" என்றார்கள், 100-க்கு 93 பேர்.