வேளச்சேரியும் வெள்ளமும்

புயல் எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் தம் மகிழுந்துகளை மேம்பாலத்தின்மீது வரிசையாக நிறுத்திவிடுகின்றனர். வேடிக்கையாகத் தோன்றும் இக்காட்சி, 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் பெற்ற பட்டறிவின் விளைவாகும். தரைத்தளங்கள் மூழ்கிய அந்நாள்களில் பலர் படகுகளில் மீட்கப்பட்டனர்.

பெருமழையே இதற்குக் காரணம் என்பது பாதி உண்மைதான். தென்சென்னை ஏரிகள் சங்கிலித்தொடராய் அமைந்தவை. ஓர் ஏரி நிரம்பினால் மிகைநீர் கலிங்கு வழியே வெளியேறி அடுத்த ஏரிக்குச் செல்லும். இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடையும். சதுப்புநிலம் அந்நீரைத் தன் பரப்பில் விரித்துத் தாங்கிக்கொண்டு, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் வழியே கோவளம் முகத்துவாரத்திற்கு மெல்ல அனுப்பும். கடல் ஏற்றத்தின்போது நீர் வடிவது மேலும் தாமதமாகும். அச்சதுப்பின் ஓரத்துத் தாழ்நிலமே வேளச்சேரி.

நகரம் தெற்கே விரிந்தபோது வேளச்சேரி ஏரி குறுகியது. சதுப்புநிலத்தையோ சாலைகளும் கட்டடங்களும் பெருங்குடிக் குப்பைமேடும் ஆக்கிரமித்தன. முன்பு அங்குப் பரவிய நீர் இப்போது தெருக்களில் தேங்குகிறது. எஞ்சிய சதுப்புநிலம் 2022இல் ராம்சர் தகுதி பெற்றது. எனினும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையின்போது வேளச்சேரித் தெருக்களில் மீண்டும் படகுகள் சென்றன.