மூச்சுப்பாதை முதலில்

மயங்கிக் கிடப்பவரின் மூச்சை அடைப்பது பெரும்பாலும் அவருடைய நாக்கேதான். தசைகள் தளர்ந்ததும் அது பின்னால் சரிந்து தொண்டையை மூடும். நெற்றியை அழுத்தி முகவாயை உயர்த்தினாலே பலருக்கும் பாதை திறந்துவிடும். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தலையைச் சாய்க்காமல், தாடையை மட்டும் முன்னுக்குத் தள்ளுவார்கள்.

பெரியவர்கள் ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவது இயல்பு. எண்ணிக்கையோடு ஓசையையும் கவனிக்க வேண்டும். குறட்டை போன்ற சத்தம் பாதி அடைப்பைக் காட்டும். ஆஸ்துமாக்காரரின் இரைப்பு திடீரென அடங்கினால் நிம்மதி கொள்ளக் கூடாது. உள்ளே காற்றே போகவில்லை என்று பொருளாகலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் சில சமயம் ஏமாற்றும்: புகையில் சிக்கியவரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தாலும் கருவி ஆக்சிஜன் அளவை 98 சதவீதம் என்று காட்டக்கூடும்.

மூச்சு கொடுக்க முகமூடியும் காற்றுப்பையும் போதாதபோதுதான் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகுவார்கள். குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பின் வெளிச்சத்தில் குரல்நாண்களுக்கு நடுவே அதைச் செலுத்துவார்கள். தவறி உணவுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று அறிய வெளிமூச்சில் கரியமில வாயு அளக்கப்படுகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் அலை எழ வேண்டும். குழாய் செருக முடியாவிட்டால், பிரிட்டிஷ் மயக்கவியல் மருத்துவர் ஆர்ச்சி பிரெய்ன் 1981-ல் உருவாக்கிய குரல்வளை முகமூடி கைகொடுக்கும். குரல்நாண்களைப் பார்க்காமலே அதைத் தொண்டைக்குள் இறக்கிவிடலாம்.