கோலிக்குண்டு எங்கே?

எதிரே இருப்பவரின் முகம் வாடினால் என்னவோ நடந்திருக்கிறது என்று பலருக்கும் சட்டெனப் பிடிபட்டுவிடும். ஆட்டிசம் உள்ள பலருக்கு அது யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று. இதற்குக் காரணம் தேடிய ஆய்வுகளில் மிகவும் பேசப்பட்டது லண்டனில் பிறந்தது. சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, யூட்டா ஃப்ரித் மூவரும் 1985-இல் அதை வெளியிட்டார்கள்.

சோதனைக்குத் தேவைப்பட்டவை இரண்டு பொம்மைகள், ஒரு கூடை, ஒரு பெட்டி, ஒரு கோலிக்குண்டு. சாலி என்ற பொம்மை கோலியைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறது. திரும்பி வரும் சாலி எங்கே தேடும்? சாலிக்கு விஷயம் தெரியாது, கூடையில்தான் தேடும். ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பேரில் 12 பேர் சரியாகச் சொன்னார்கள். இத்தனைக்கும் மொழித்திறனில் பின்தங்கியிருந்தவர்கள் இவர்களே. ஆகவே ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் தவறியதற்கு அறிவுக்குறைவு காரணமல்ல, அடுத்தவர் மனதில் இருப்பதை ஊகிப்பதில்தான் சிக்கல் என்பது அவர்கள் முடிவு.

இந்த முடிவை உலகம் தவறாகவும் படித்தது. 'ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இரக்கமே கிடையாது' என்ற கொடிய பேச்சு பரவியது. அடுத்தவர் என்ன நினைக்கிறார் என்று ஊகிப்பது வேறு, அவர் வலியைக் கண்டு தானும் துடிப்பது வேறு. அம்மா அழும்போது காதைப் பொத்திக்கொண்டு அறை மூலைக்கு ஓடும் பிள்ளைக்கு அந்த அழுகை தாங்க முடியாததாகவும் இருக்கலாம்.

ஜெஃப்ரி பேர்ட், ஃப்ரித் உள்ளிட்டோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போனது. தனக்கு வேண்டியவர் வலிபடும்போது மூளையில் எழும் எதிரொலி, தன் உணர்வுக்கே பெயர் சொல்லத் தெரியாதவர்களிடம் மங்கியிருந்தது. ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்பது அதைத் தீர்மானிக்கவில்லை. உணர்வுக்குப் பெயர் சொல்ல முடியாத, அலெக்ஸிதைமியா எனப்படும் இந்தத் தன்மை ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்டு. மற்றவர்களிலும் சிலருக்கு உண்டு.

தமிழ் வீடுகளில் மனம் நொந்த அம்மா, "என்னமோ செய்" என்கிறாள். அதை அனுமதியாகவே எடுத்துக்கொண்டு ஆட்டிசம் உள்ள பிள்ளை வெளியே கிளம்புகிறான். "நெஞ்சில ஈரமே இல்ல" என்று வசவு விழுகிறது. "எனக்குக் கோபம், போகாதே" என்று அவள் சொல்லியிருந்தால் நின்றிருப்பான்.

ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் எழுப்பிய கேள்வியும் இதுதான்: புரியாமை ஒரு பக்கத்தில் மட்டுமா? எடின்பரோவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், எட்டெட்டுப் பேர் கொண்ட வரிசைகளில் ஒருவர் சொன்ன கதையை அடுத்தவர் கேட்டு அவருக்கு அடுத்தவருக்குக் கடத்தினார். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் கதை ஒரே அளவுக்கு நின்றது. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் அது அதிகம் சிதைந்தது.