பாகூர் வித்தியாஸ்தானமும் வைஸ்சான்ஸலர் பீடமும்

சர்வகலாசாலைக்குத் தலைவரை நியமிக்கும் உரிமை யாருடையது என்ற வழக்கு நமது நாட்டில் ஓய்ந்தபாடில்லை. கவர்னர் தமக்கே அவ்வுரிமை என்கிறார். மந்திரிசபை, ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தனக்கே அது சேரும் என்கிறது. டெல்லியிலுள்ள பல்கலைக்கழக மானியக் குழு தன் விதிகளே மேலானவை என்கிறது. பங்காளிகள் வழக்காடும் நிலத்தில் ஏர் இறங்காது என்பதை வில்லியனூர், பாகூர்க் குடியானவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கு யாருக்குச் சாதகமாக முடிந்தாலும், தரிசாய்க் கிடந்த போகம் திரும்பி வராது.

இவ்விஷயத்தில் பாகூருக்குப் பேசும் உரிமை உண்டு. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கனது எட்டாம் ஆட்சியாண்டில், நிலைதாங்கி என்ற சிற்றரசனின் விண்ணப்பத்தின் பேரில் இவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக அளிக்கப்பட்டன. அன்று ஊரின் பெயர் வாகூர். வடமொழியிலும் தமிழிலும் எழுதப்பட்ட செப்பேடுகள் இதற்குச் சாட்சி. அங்கே கற்பிக்கப்பட்ட கல்வி எல்லாக் குடிகளுக்கும் எட்டியதென்று நாம் வாதாட வரவில்லை; எட்டவில்லை என்பதே உண்மை. அக்குறையை அகற்றுவதே இக்காலத்தவரின் கடமை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானத்தைப் பெற்றது கல்வி நிலையத்தைச் சேர்ந்த சபை. கொடுத்தவன் கொடையோடு நின்றான்.

கவர்னரே சர்வகலாசாலையின் சான்ஸலர் என்ற ஏற்பாடு நமது பழைய மரபில் தோன்றியதன்று. 1857-ல் சென்னைச் சர்வகலாசாலையை ஸ்தாபித்த சட்டம் அதைக் கொண்டுவந்தது. குடிகளை நம்பாத அன்னிய ஆட்சி, படித்தவர்களின் சபைக்குத் தன் பிரதிநிதியையே தலைவராக்கியதில் வியப்பில்லை. அன்னியர் சென்ற பின்னும் ஏற்பாடு மாறாது நின்றதே வியப்பு. 1942 முதல் 1969 வரை இருபத்தேழு ஆண்டுகள் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் சென்னையின் வைஸ்சான்ஸலராக விளங்கினார். ஒருவரே அத்தனை காலம் அமர்வது முறைதானா என்று கேட்கலாம். பீடத்தில் இருப்பது யார் என்று கேட்கும் நிலை மட்டும் அன்று இல்லை.

இப்போது அதையே கேட்கவேண்டி வந்தது. கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 முதலும், சென்னையில் 2023 முதலும் பீடம் காலியாயிற்று. சென்னையில் 2024-ஆம் ஆண்டுப் பட்டமளிப்பு விழாவே வைஸ்சான்ஸலர் இல்லாமல் நடந்தேறியது. நியமன அதிகாரத்தை மாநில சர்க்காருக்கு மாற்ற 2022 முதல் சட்டசபை நிறைவேற்றிய மசோதாக்கள் கவர்னரிடம் தேங்கின. 2025 ஏப்ரல் 8-ல் சுப்ரீம் கோர்ட், பத்து மசோதாக்கள் சம்மதம் பெற்றவையாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. மே 21-ல் சென்னை ஹைகோர்ட் நியமனம் பற்றிய பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாஸன பெஞ்சு, அவ்வாறு சம்மதத்தைக் கோர்ட்டே பாவிப்பது தகாதென்று ஜனாதிபதிக்கு அபிப்பிராயம் கூறியது. வக்கீல்களுக்கு விருந்துதான், மாணவர்களுக்கோ பட்டினி.

நமது புதுச்சேரியின் கதை சற்று வேறு, பலன் ஒன்றே. முன்பு இங்குள்ள கல்லூரிகள் சென்னையோடு இணைந்திருந்தன. 1985-ல் பார்லிமெண்ட் இயற்றிய சட்டத்தால் காலாப்பட்டில் மத்திய சர்வகலாசாலை எழுந்தது. அதன் பார்வையாளர் ஜனாதிபதி, சான்ஸலர் உபஜனாதிபதி, தலைமை ரெக்டர் லெப்டினெண்ட் கவர்னர். வைஸ்சான்ஸலரை நியமிப்பவர் ஜனாதிபதி. இத்தனை பெரியோர் காவலிருந்தும், 2015-ல் வைஸ்சான்ஸலருக்கு எதிராக மாணவர் கிளர்ச்சி மூண்ட பின், 2017 நவம்பர் வரை பொறுப்பு வகிப்பவரைக் கொண்டே காரியம் நடந்தது. 2023-க்குப் பின்னும் அதே நிலை மீண்டும் நேர்ந்தது. பொறுப்பு வகிப்பவர் நல்லவராயிருக்கலாம். நாளை மாறக்கூடியவர் நீண்டகாலத் திட்டம் வகுக்கத் தயங்குவார். ஆசிரியர் நியமனம் தள்ளிப்போகும். ஆராய்ச்சி செய்ய விரும்பும் மாணவன் வழிகாட்டி கிடைக்காமல் வேற்றூர் தேடுவான். வசதியுள்ளவன் போய்விடுவான். பாகூரிலிருந்து நகரைக் கடந்து காலாப்பட்டு செல்லும் குடியானவர் மகளுக்கு எங்கே போக வழி?

1954 அக்டோபர் 18-ந் தேதி, கீழூரில் 178 ஜனப்பிரதிநிதிகள் கூடினர். அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். எந்த நாட்டோடு சேர்வதென்ற மாபெரும் விஷயத்தை முடிவு செய்யத் தகுதி பெற்றிருந்த கிராமத்தாரின் சந்ததியார், தங்கள் பிள்ளைகள் பயிலும் கலாசாலையைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்களா? இங்குள்ள என்ஜினீயரிங் கல்லூரி 2020-ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இது இம்மண்ணின் சொந்தச் சட்டத்தால் எழுந்த சர்வகலாசாலை. பிறர் செய்த பிழையை இதிலேனும் செய்யாதிருக்கலாம்.

கவர்னரிடமிருந்து பிடுங்கி மந்திரியிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நாம் நம்பவில்லை. எஜமானர் மாறுவது சுயராஜ்யம் ஆகாது. பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே தேர்வுக் குழு அமைய வேண்டும். அக்குழுவில் ஆசிரியர்களும் பட்டதாரிகளும் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். குழு தரும் பெயர்களில் ஒன்றை ஏற்கவோ, காரணம் எழுதி மறுக்கவோ சான்ஸலருக்கு நாள் குறிக்க வேண்டும். அக்காரணம் பிரசுரமாக வேண்டும். கெடு இல்லாத அதிகாரம் சட்டத்தின் அதிகாரமன்று, அது தயவு.

சர்க்கார் பணம் கொடுக்கட்டும், கணக்கும் கேட்கட்டும். அதற்கு அதிகாரம் உண்டு. கல்வியை நடத்துவோரைக் கல்விச் சபையே தேடிக்கொள்ளட்டும். கொடுத்த கையே பிடித்தும் வைத்துக்கொண்டால் அது தானமாகுமா?